கால் கிலோ கற்கண்டும் ஒரு விசாரிப்பும்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்த கையோடு கல்யாண புரோக்கர் கந்தப்பனும் வந்துவிட்டார். ஆடி முழுக்க ஆள் எங்கே இருந்தார் என்று தெரியாது. இன்று என் மனைவி சாந்தாமணி அடுப்பில் காபிக்குப் பால் வைத்த நேரம் பார்த்து வாசலில் செருப்பை விட்டார்.

இந்த டைரி மசாலா கம்பெனிக்காரர் கடைக்குக் கொடுத்தது. முதலாளி பெரியதை வைத்துக்கொண்டு சின்னதை எனக்குத் தந்தார். எழுத ஒன்றும் இல்லாமல் இத்தனை மாதம் கிடந்தது. இனி எழுதும்படி ஏதாவது நடக்கும் என்று நம்பித் தொடங்குகிறேன். நடக்காவிட்டால் பால் கணக்கு எழுதிக்கொள்ளலாம்.

கந்தப்பன் கொண்டுவந்தது அந்தியூர் இடம். பையன் பெயர் நவநீதன். பவானியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும் வைத்ததுதான் சட்டம். போட்டோவை எங்கள் மகள் தாரணி வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். போன வருஷம் வந்த இரண்டு போட்டோக்களுக்கும் "ம்" என்றுதான் சொன்னாள். அந்த "ம்" ஒரு முழு வார்த்தையாக வளர்ந்திருப்பதை நானும் சாந்தாமணியும் கவனித்தோம். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

போன வருஷத்து இரண்டு இடமும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள். முதலில் பார்த்தபோது பொருந்தித்தான் இருந்தது. பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு கிரகங்கள் இடம் மாறிவிட்டன.

"அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா என்னன்னு சொல்லட்டுங்க?" என்றார் கந்தப்பன்.

"மளிகைக் கடையில இருக்கறேன்னு சொல்லுங்க."

"கடையில என்னவா இருக்கறீங்கன்னு கேப்பாங்க."

நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் காலி டம்ளரைப் பார்த்தாள். கந்தப்பன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "செரி, அதைய எங்கிட்ட உடுங்க. புரட்டாசிக்கு முன்னாடி முடிச்சுப்போடலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பவளம் ஸ்டோர்ஸில் நான் என்னவாக இருக்கிறேன்? நேற்று முழுக்க அதே யோசனை.

வேலை பார்த்த பைனான்ஸ் ஆபீஸை மூடியபோது, வேறு வேலை கிடைக்கும் வரை ஒரு மாதம் ஒப்பேற்றலாம் என்று இந்தக் கடைக்கு வந்தேன். அந்த ஒரு மாதம் பன்னிரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. கேட்பவர்களிடம் இப்போதும் "தற்சமயத்துக்கு இங்க இருக்கறேன்" என்றுதான் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கடையின் முன்பக்கம் பாக்கெட் சாமான், கண்ணாடி அலமாரி, பில் போடும் வளர்மதி. பின்பக்கம் நான். பருப்பு, மிளகாய், புளி, வெல்லம் எல்லாம் என் பொறுப்பு. காலையில் வந்ததும் மூட்டைகளின் வாயை ஒரே உயரத்துக்குச் சுருட்டி விடுவேன். துவரை, கடலை, பாசி, உளுந்து என்று வரிசையாகக் குவித்து, உச்சியைக் கையால் தடவிக் கூராக்குவேன். வெல்லத்தில் ஈ மொய்த்த உருண்டையைத் தனியே எடுத்து வைப்பேன். இப்படியெல்லாம் செய்யச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போட்டதில்லை.

முதலாளி நல்லசிவம் இன்று வந்து பார்த்துவிட்டு, "ஏஞ் சென்னியப்பா, இது கடையா கோயிலா? படைச்சு முடிச்சாச்சுன்னா தீபாராதனை காட்டிப்போடலாமா?" என்றார்.

சிரித்துக்கொண்டே நின்றேன். பிறகு ஒரு அம்மா வந்து குவியலின் நடுவில் கையை விட்டுத் துழாவினார். அது சரியும்போது என் வயிற்றிலும் ஏதோ சரிகிறது. ஐம்பத்தோரு வயது ஆளுக்கு வர வேண்டிய கவலையா இது? என் வயதுக்காரர்கள் எல்லாரும் கௌரவமாகச் சர்க்கரை, பிரஷர் என்று கவலைப்படுகிறார்கள்.

பல் போன பெரியவர் இருக்கும் வீட்டுக்குச் சீக்கிரம் வேகிற பருப்பாகப் பார்த்துப் போடுவேன். பிறகு நான் சோற்றில் கை வைக்கும்போது, அங்கே பருப்பு வெந்திருக்குமா என்று தோன்றும். சாந்தாமணி இதை வியாதி என்கிறாள். மருந்து இல்லாத வியாதி, அதனால் செலவும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று முதல் நான் மேனேஜர். கந்தப்பன் போனில் சொன்னார். சம்பளம் அதேதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

"சூப்பர் மார்க்கெட் மேனேஜர்" என்று சொல்லி வைத்திருக்கிறாராம். எந்தக் கடை என்று அவர்கள் கேட்கவில்லையாம், இவரும் சொல்லவில்லையாம். "கேக்காததைச் சொல்லாம இருக்கறது பொய்யில்லீங்க" என்றார். அவர் தொழிலுக்கு அது வேதவாக்கு.

தாரணி மட்டும், "எதுக்குங்கப்பா அப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"அது பெரியவங்க விசயம், கண்ணு" என்றேன். பெரியவர்களுக்குப் பதில் தெரியாதபோது சொல்கிற பதில்.

மேனேஜர் ஆகிவிட்ட பிறகு வேட்டியில் போவது சரியல்ல என்று பட்டது. கல்யாணங்களுக்குப் போடும் பேண்ட்டைப் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டும் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வளர்மதி எழுந்து நின்று, "என்ன சார் வேணும்?" என்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லை. முதலாளி, "எந்தக் கோர்ட்டுலப்பா கேசு?" என்று கேட்டார். உளுந்து மூட்டையை நகர்த்தக் குனிந்தபோது பேண்ட் பின்பக்கம் படாரென்று விட்டுக்கொடுத்தது. மீதி நேரமெல்லாம் சுவரில் சாய்ந்தபடியே நிர்வாகம் செய்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் கடைக்கு இரண்டு விசாரிப்புக்காரர்கள் வந்தார்கள்.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் ஓடி வருவது அந்த வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குத்தான். ஒரு வீட்டின் யோக்கியதை மளிகைக் கடைக்காரனுக்குத் தெரியாமல் போகாது என்பது நம்பிக்கை. விசாரிக்க வருபவர்களை நான் நூறடி தள்ளி இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். பையே கொண்டுவர மாட்டார்கள். அவசரமே இருக்காது. பேச்சை ஆரம்பிக்க ஏதாவது வாங்க வேண்டுமே என்று கால் கிலோ கற்கண்டு வாங்குவார்கள். ஏன் எல்லாரும் கற்கண்டையே கேட்கிறார்கள் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பாக இருக்கலாம்.

வளர்மதி கற்கண்டைப் போட்டுவிட்டு அவர்களை என்னிடம் அனுப்புவாள். கடையில் விசாரிப்பு இலாகாவும் என்னுடையதுதான். என் வழி ஒன்றுதான். கண்டதைச் சொல்வேன், காணாததைச் சொல்ல மாட்டேன். சொல்ல நல்லதும் இல்லை, கெட்டது சொல்ல மனமும் இல்லை என்றால், "தங்கமான குடும்பமுங்க" என்று முடித்துக்கொள்வேன். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கேட்டதும் கற்கண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இன்று வந்தவர்கள் ஒரு மெக்கானிக் பையனைப் பற்றிக் கேட்டார்கள். அவன் அம்மாவுக்கு நாட்டு மருந்தும் பார்லி அரிசியும் அவனேதான் வந்து வாங்குவான், சிகரெட்டும் வாங்குவான், இரண்டையும் சொன்னேன். சந்தோஷமாகப் போனார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு நான் சாட்சி. ஒரு பந்தியிலும் எனக்கு முதல் இலை போட்டதில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. பொரி, கடலை, வெல்லம், அவல். நிற்க நேரமில்லை. வெல்லக் குவியல் மதியத்துக்குள் தரையைத் தொட்டது. இடுப்பு என்று ஒன்று எனக்கு இருப்பது இன்று தெரிந்தது.

கந்தப்பன் போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற வியாழக்கிழமை, நாலாம் தேதி, பெண் பார்க்க வருகிறார்களாம். சாந்தாமணி புதுத் திரைச்சீலை வாங்க வேண்டும் என்கிறாள். தாரணி தன்பாட்டுக்கு இருக்கிறாள், ஆனால் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் புது மிளகாய் மூட்டையைப் பிரித்தோம். காம்பு கிள்ளி, சொத்தை பொறுக்குவது என் வேலை. நெடி தாங்காது என்பதால் ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். கண் மட்டும் வெளியே தெரிந்தது. அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும் ஒரு அம்மாவும் வந்தார்கள். பை இல்லை. கற்கண்டு வாங்கினார்கள். வளர்மதி என் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஏனுங்கண்ணா, இங்க பட்டத்தரசியம்மன் வீதின்னு இருக்குதுங்களா?" என்றார் அவர்.

அது எங்கள் வீதி. வீதியில் கல்யாணத்துக்கு நிற்பது யார் யார் என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வாத்தியார் வீட்டுப் பையன் வரைக்கும் போனேன். என் வீட்டைத் தாண்டித்தான் போனேன்.

"அங்க சென்னியப்பன்னு ஒருத்தரு இருக்கறாருங்களாமே?"

கையிலிருந்த மிளகாய் கீழே விழுந்தது. "இருக்கறாருங்க" என்றேன்.

"ஆளு எப்படிங்க?"

துண்டை அவிழ்த்து, "நாந்தானுங்க அது, வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதன் என்றால் அதைத்தான் செய்வான். நான் ஒரு கணம் குஷியாகிவிட்டேன். தனக்குத் தானே நற்சான்று கொடுக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை யோசித்தேன். ஒன்றுகூடக் கண்டதாக இல்லை.

"ஆளு கொஞ்சம் புடிவாதமுங்க" என்று ஆரம்பித்தேன்.

"குடி கிடி உண்டுங்களா?"

"கிடா விருந்துல மட்டும் ஒரு வாய் எடுப்பாருங்க. எடுத்தா பாடுவாரு. அதான் கூட இருக்கறவங்களுக்குச் செரமம்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கினார். வெள்ளைச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. "சூப்பர் மார்க்கெட்டுல மேனேஜர்னு சொன்னாங்க. எந்தக் கடைங்க? பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற ஏசிக் கடைங்களா?"

தலையை மட்டும் ஆட்டினால் போதும். வாயால் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. துண்டு வேறு கட்டியிருக்கிறேன். போட்டோவைத் திருப்பிக் கொடுத்தபோது தாரணியின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்தேன். கூடவே, இதே இடத்தில் நின்று என்னை நம்பிக் கேட்டுப் போனவர்களையும் நினைத்தேன். ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம், என் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று என்னால் தலையாட்ட முடியவில்லை. இவ்வளவு யோக்கியன் என்று எனக்கே இன்றுதான் தெரியும். இதைவிட நல்ல நாள் பார்த்து யோக்கியன் ஆகியிருக்கலாம்.

"மேனேஜர் இல்லீங்க. இதே கடைதானுங்க. பருப்பு, மிளகா, வெல்லமெல்லாம் பாக்கறாரு."

"பொட்டலம் போடற ஆளுங்களா?"

"ஆமாங்க. பொறுக்கி, பொடைச்சு, நிறுத்துப் போடறது."

"பாத்தியாக்கா, நா அப்பவே சொன்னனில்ல" என்று அவர் அந்த அம்மாவிடம் சொன்னார். பையனின் தாய்மாமன் இவர்தான் என்று அப்போது புரிந்தது.

அந்த அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "வேலை எப்படிங்க செய்வாரு?" என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "நல்லாச் செய்வாருங்க" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அவரு பொறுக்குன பருப்புல கல்லு இருக்காதுங்க. அவருக்கு அது ஒண்ணுதான் உருப்படியாத் தெரியும்." சொல்லி முடித்ததும் வெட்கமாகிவிட்டது.

"பொண்ணு?"

இந்தக் கேள்விக்கு எத்தனை வீட்டுப் பெண்களைப் பற்றிப் பதில் சொல்லியிருப்பேன். கண்டதை மட்டும் சொல்வோம் என்று சொன்னேன். "ஞாயித்துக்கெழமை அப்பனுக்குச் சோறு கொண்டாருமுங்க. இந்த மூட்டை மேலயே உக்காந்து ரெண்டு பேரும் சாப்புடுவாங்க. கூடப் படிச்ச புள்ளைங்க கடைக்கு வந்தா, எங்கப்பான்னு கூப்புட்டுக் காட்டும். அப்பன் பொட்டலம் போடறான்னு அந்தப் பொண்ணு ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லீங்க. கூச்சப்பட்டதெல்லாம் அப்பன்தானுங்க."

சொல்லும் வரை எனக்கு அது தெரியாது.

அவர்கள் போய்விட்டார்கள். துண்டை அவிழ்த்தபோது கண்ணிலிருந்து கொட்டியது. புது மிளகாய், காரம் அதிகம். வளர்மதி அதை நம்பினாளா என்று தெரியவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வீட்டில் சொல்லவில்லை. தாரணி சோறு கொண்டுவந்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு இல்லை என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கந்தப்பன் போனில் கத்தினார். "அண்ணா, உங்க கடையிலயே உங்களுக்கு எதிரி இருக்கறான். மூஞ்சியில துண்டு கட்டிட்டு ஒருத்தன், நீங்க மேனேஜரே இல்லைன்னு போட்டுக் குடுத்துப்போட்டான். குடிப்பாருன்னு வேற சொல்லியிருக்கறான். நா எப்படியோ சமாளிச்சேன். அவன் பொறாமை புடிச்சவன், அவம் பேச்சைய நம்பாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன். வியாழக்கெழமை வர்றாங்க. அதுக்குள்ள அவன் யாருன்னு கண்டுபுடிங்க."

கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

சாந்தாமணிக்கு விஷயம் தெரிந்ததும் அந்த எதிரியைத் திட்ட ஆரம்பித்தாள். "வெளங்குவானா அவன்? அவனும் ஒரு புள்ளையப் பெத்தவனா இருந்தா இப்படிப் பேச வாய் வருமா? அவன் வாய்ல புழு வைக்க." இதைச் சொல்லிக்கொண்டே என் தட்டில் சோறு போட்டாள். "நீங்க ஏனுங்க சாப்புடாம உக்காந்திருக்கறீங்க? அந்த நாசமாப் போறவனுக்காக நீங்க எதுக்குப் பட்டினி கெடக்கோணும்?" அவனுக்காகவே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

பலகாரத்துக்குக் கடலைமாவு எடுக்க வீட்டுச் சாமான் அறைக்குப் போன இடத்தில் தாரணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கப்பா, உங்க கடையில துண்டு கட்டிட்டு மிளகா பாக்கறது நீங்க ஒருத்தர்தானுங்களே?"

மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்னையப் பத்தி என்ன சொன்னீங்க?"

"மறந்துபோச்சு, கண்ணு."

"நாளைக்கு அவங்க வந்தா உங்க கொரலு தெரிஞ்சுபோயிருமே. என்ன பண்ணுவீங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிப்போடறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் சாந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த இடம் அமைய வேண்டும் என்று அவள் வாய் விட்டுச் சொல்லவில்லை. நாளைக்கு எந்தச் சேலை என்று மட்டும் அம்மாவிடம் மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

வந்தார்கள். வாசலிலேயே கும்பிட்டு, கழுத்தைத் தொட்டுக் காட்டி, கையால் "உள்ளே வாங்க" என்றேன். "நேத்துல இருந்து தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்று தாரணி எனக்காகப் பொய் சொன்னாள். பையனின் அம்மா பூங்கொடி, மாமா அர்த்தனாரி, பையன் நவநீதன் மூவரும் உட்கார்ந்தார்கள். கந்தப்பன் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பேசினார். நான் சிரித்தேன், தலையாட்டினேன், பஜ்ஜித் தட்டை நகர்த்தி வைத்தேன். ஊமையாக இருந்தால் நான் நல்ல சம்பந்தி என்று தெரிந்தது.

தாரணி வந்து கும்பிட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள். நவநீதன் பஜ்ஜியைக் கையில் எடுத்தவர் சாப்பிட மறந்துவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அர்த்தனாரி தொண்டையைச் செருமினார்.

"நேராவே கேட்டுப்போடறேனுங்க. மேனேஜர்னு சொன்னீங்க. உங்க கடையிலயே ஒருத்தன் இல்லைன்னு சொல்றான். எது நெசமுங்க?"

கந்தப்பன், "அவன் பொறாமையில..." என்று ஆரம்பித்தார். சாந்தாமணி, "அவங் கெடக்கறானுங்க, ஈனப்பய" என்றாள். அதற்கு மேல் அந்த ஈனப்பயலால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவன் சொன்னதுதானுங்க நெசம்" என்றேன். "நா மேனேஜர் இல்லீங்க. பருப்புப் பொறுக்கற ஆளு."

பூங்கொடி அம்மா கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "செத்த இருங்க. அன்னைக்கு மிளகா பொறுக்கிட்டிருந்தது நீங்களா?"

"நாந்தானுங்க."

கந்தப்பன் மெதுவாக எழுந்து செருப்பு இருக்கும் பக்கமாக நகர்ந்தார். சாந்தாமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்த டைரியில் இடம் இல்லை. "எந்திரிக்கா, போலாம்" என்றார் அர்த்தனாரி. "ஆளையே மாத்தி ஏமாத்தறாங்க."

"நீ உக்காரு. ஆளை எங்கடா மாத்துனாங்க? வேலையத்தான் மாத்திச் சொன்னாங்க. அதையும் இவரே இல்லைன்னு சொல்லிப்போட்டாரு" என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "செரிங்க. எம்பையனைப் பத்தி நீங்க எங்க விசாரிச்சீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"அந்தியூர்ல யாருகிட்டக் கேட்டீங்கன்னு கேக்கறேனுங்க."

யாரிடமும் கேட்கவில்லை. ஊரிலுள்ள கல்யாணத்துக்கெல்லாம் விசாரிப்பு இலாகா நடத்துகிறவன், சொந்த மகளைக் கொடுக்கப்போகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவர்கள் என்னைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது என்ற பயத்திலேயே இருந்ததில், நான் கேட்க வேண்டியது மறந்துபோயிருக்கிறது. பேண்ட் கிழிந்த அன்றுகூட நான் இவ்வளவு அவமானப்படவில்லை. இது உண்மையான அவமானம். தாரணி தலைகுனிந்து நின்றாள்.

"கேக்கலீங்க" என்றேன்.

"பொண்ணைக் குடுக்கறவங்க கேக்க வேண்டாமுங்களா? எங்களுக்கென்ன கொம்பா மொளைச்சிருக்குது? எங்கூருக்கு வாங்க. நாலு பேருகிட்டக் கேளுங்க. உங்களுக்குத் திருப்தின்னா அப்பறம் பேசிக்கலாம்."

நவநீதன் அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தார். "சந்தைக்கு எதுத்தாப்ல ஒரு மளிகைக் கடை இருக்குதுங்க. சாமான் அங்கதான் வாங்கறேன்" என்றார். சொல்லிவிட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

சாந்தாமணி சோறு போட்டாள். "செவ்வாக்கெழமை சொன்னது ஒண்ணையும் நா திருப்பி எடுத்துக்கலீங்க" என்றாள். நியாயம்தான். நாளைக்கு முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

வேட்டி சட்டையில் போனேன். அந்தியூரில் சந்தைக்கு எதிரே அந்தக் கடை இருந்தது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கூட்டம் குறையட்டும் என்று தெருவோரம் நின்றேன். அவசரமே இல்லாமல், கையில் பையும் இல்லாமல் நிற்கிறோமே என்று உறைத்ததும் உள்ளே போய், "கால் கிலோ கற்கண்டு குடுங்க" என்றேன்.

அவர் கற்கண்டை நிறுத்துக்கொண்டே, "யாரைப் பத்திங்க?" என்று கேட்டார்.

நவநீதன் பெயரைச் சொன்னேன். "தங்கமான குடும்பமுங்க" என்றார்.

அந்த வார்த்தையை நான் எப்போது சொல்வேன் என்று எனக்குத் தெரியும். கற்கண்டை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். தாரணி காலையில் வாசலில் நின்று, "பாத்துப் போய்ட்டு வாங்கப்பா" என்று சொன்னதற்குப் பஸ்ஸைப் பற்றிய கவலை மட்டும் காரணம் இல்லை.

"அண்ணா" என்றேன். "நானும் மளிகைக் கடைதானுங்க. கோபியில, பவளம் ஸ்டோர்ஸ். பருப்பு, மிளகா, வெல்லம் எல்லாம் நாந்தான் பாக்கறேன். பன்னண்டு வருசமாச்சு. தங்கமான குடும்பமுங்கற பேச்சைய நானும் எத்தனையோ பேருகிட்டச் சொல்லியிருக்கறேன். குடுக்கப் போறது எம்பொண்ணைங்க. கண்டதைச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த சாமான் அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தார். "உள்ள வாங்க" என்றார்.

கல்லாவில் அவர் சம்சாரத்தை உட்காரச் சொல்லிவிட்டு, என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் அரிசி மூட்டை மேல் உட்கார வைத்தார். டீ வந்தது. எங்கள் கடையில் துவரை எப்படி வருகிறது, புளிக்கு எந்த ஊர் என்றெல்லாம் கேட்டார். பிறகு கண்டதைச் சொன்னார்.

"தங்கமான குடும்பம்னு சொன்னது அந்த மாமங்காரனுக்காகங்க. வாய் ஆகாது. பையனைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. அப்பன் போனதுல இருந்து சாமான் வாங்க அவந்தான் வர்றான். கஞ்சன். ஒரு ரூவா வித்தியாசத்துக்கு என்னைய அர மணி நேரம் நிக்க வைப்பான். சினேகிதம்னு பெருசா யாரும் கெடையாது, பேசறதும் கம்மி. ஆனா ஒண்ணு. போன மாசம் மூட்டை எறக்கறவனை அந்த மாமங்காரன் இங்க நின்னு கண்டபடி பேசுனான். இவன் ஒண்ணுஞ் சொல்லலை. சட்டையக் கழட்டி வெச்சுப்போட்டு, மீதி மூட்டைய அவங்கூடச் சேந்து எறக்கிக் குடுத்தான். மாமன் பாத்துட்டு நிக்கறான். அவ்வளவுதானுங்க நாங் கண்டது."

கற்கண்டுக்கு அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். வெளியே வரும்போது அவருடைய பாசிப்பருப்புக் குவியல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கை துறுதுறுத்தது. அடுத்தவர் கடை என்று அடக்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தாரணிக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். கஞ்சன் என்றதைச் சொன்னேன், பேச்சு குறைவு என்றதைச் சொன்னேன், மூட்டை இறக்கியதையும் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இதெல்லாம் யாருங்கப்பா சொன்னது?"

"இங்க ஒரு மளிகைக் கடைக்காரரு, கண்ணு."

"அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்றாள். "செரின்னு சொல்லிப்போடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். போனைக் கையில் பிடித்தபடியே நின்றதில் கோபி பஸ் கிளம்பி என்னைத் தாண்டிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.